டீனுக்குப் போட்ட சந்தன மாலை

திருச்சி வெயிலில் ஒருவர் கோட்டும் டையுமாக, நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லாமல் நின்றால் நான் அவரிடம் எதை வேண்டுமானாலும் ஒப்படைத்துவிடுவேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஏனென்றால் நான் பிழைப்பதே குறை கண்டுபிடித்து. திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் வெல்டிங் இன்ஸ்பெக்டர் வேலை. கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசலைக்கூட இரும்புக்குள் தேடிப் பிடித்து, "இது தேறாது" என்று சுண்ணக்கட்டியால் குறி போடுவேன். வெல்டர்கள் என்னைப் பார்த்தால் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

இந்தக் கண்ணை நம்பித்தான் என் தங்கை செல்வி தன் மகளின் வாழ்க்கையை என் கையில் கொடுத்தாள்.

செல்விக்குப் பச்சைமலை அடிவாரத்தில் வீடு. அவளும் மாப்பிள்ளையும் மரவள்ளி போடுகிறார்கள். மகள் தேன்மொழி நீட் தேறிவிட்டாள். ஆனால் அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்க அந்த மதிப்பெண் போதவில்லை. வெளிநாட்டில் போய் மருத்துவம் படிக்கலாம் என்று பள்ளியில் யாரோ சொல்ல, வீட்டில் அதே பேச்சாகிவிட்டது. மலையோர நிலத்தில் ஒரு பங்கை விற்கவும் துணிந்துவிட்டார்கள். மூவரும் துறையூர் பஸ் ஏறி, ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள்.

"எங்களுக்கு என்ன தெரியும்ணே? யாரு நல்லவங்க, யாரு ஏமாத்துறவங்கன்னு நீங்க பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா சரி" என்றாள் செல்வி.

"நான் இரும்புக்குள்ளயே பாக்குறவன். மனுஷன் என்ன பிரமாதம்?" என்றேன். (இந்த வாக்கியத்தை அவள் இன்னும் மறக்கவில்லை. நானும் மறக்க விடப்படவில்லை.)

அந்தச் சனிக்கிழமை ஜங்ஷன் பக்கம் ஒரு ஹோட்டலில் வெளிநாட்டு மருத்துவப் படிப்புக் கருத்தரங்கு என்று பேப்பரில் விளம்பரம் வந்திருந்தது. நுழைவது இலவசம். பல்கலைக்கழகத்தின் டீனே நேரில் வருகிறார். கிளம்பும்போது தேன்மொழி கையில் ஒரு நோட்டு வைத்திருந்தாள். எட்டிப் பார்த்தேன். அத்தனையும் கேள்விகள்.

"ஆறு வருஷமும் இங்கிலீஷ்லதான் பாடம் நடத்துவாங்களா? அந்த நாட்டுலயே டாக்டரா வேலை பாக்க லைசென்ஸ் குடுப்பாங்களா? இதெல்லாம் என்ன பாப்பா?"

"நம்ம ஊர் மருத்துவ ஆணையத்தோட விதியில இருக்கு மாமா. இது சரியில்லன்னா, திரும்பி வந்து இங்க பரீட்சையே எழுத விட மாட்டாங்களாம்."

"பெரிய மனுஷங்க கிட்டப் போய் இதெல்லாம் கேட்டா மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கும். மாமா பாத்துக்கறேன்" என்று நோட்டை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

ஹோட்டல் அரங்கத்துக்குள் நுழைந்ததும் வாயைப் பிளந்தேன். அந்தக் குளிர்ச்சி! திரையில் பனி விழுந்துகொண்டிருந்தது. பனிக்கு நடுவே அரண்மனை மாதிரி ஒரு கட்டடம். அதன் படிகளில் வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் தேன்மொழி நிற்பதை நான் அங்கேயே, அப்போதே பார்த்துவிட்டேன். கண் கலங்கிவிட்டது.

மேடையில், பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் ஏஜென்சியை நடத்துகிறவர் பேசினார். கோட்டு, டை, பளபளக்கும் ஷூ. குரலோ, ரேடியோவில் நல்ல செய்தி மட்டும் படிக்கிறவருடைய குரல். அவருக்குப் பக்கத்தில் டீன். ஆறடிக்கு மேல் உயரம், செம்பட்டைத் தாடி, நீலக் கண். மலைத்துப் போனேன்.

என் தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். டீனுடைய கோட்டுக் கை, மணிக்கட்டுக்கு நான்கு விரற்கடை மேலேயே நின்றுவிட்டதைக் கவனித்தேன். அந்த நாட்டு நாகரிகம் போலிருக்கிறது என்று முடிவு செய்தேன். அவர் பேசியது மொத்தம் இரண்டே வாக்கியம்: "தேங்க் யூ. வெரி ஹாட்." கோட்டுக்காரர் அதை ஐந்து நிமிடம் தமிழில் மொழிபெயர்த்தார். ஆஹா, எவ்வளவு சுருக்கமான பாஷை என்று வியந்தேன்.

பிறகு, "பெற்றோர் சார்பா யாராவது ரெண்டு வார்த்தை பேசலாமே" என்று கோட்டுக்காரர் மைக்கை நீட்டினார். யாரும் அசையவில்லை. நான் எழுந்தேன். (செல்வி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சட்டை கிழிகிற மாதிரி ஆனதும் விட்டுவிட்டாள்.)

என்ன பேசினேன் என்று நினைவில்லை. ஆனால் வீடியோ இருக்கிறது. "எங்க பரம்பரையில முதல் டாக்டர்" என்று ஆரம்பித்து, "கடல் கடந்து வந்த தெய்வமே" என்று டீனைப் பார்த்துக் கை கூப்பி, கடைசியில் மைக்கைப் பிடித்தபடியே விசும்பி அழுதிருக்கிறேன். யாரோ ஒரு சந்தன மாலையைக் கொடுத்தார்கள். குதிகாலைத் தூக்கி அதை டீன் கழுத்தில் போட்டேன். அவரும் நெகிழ்ந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அம்மியில் கை வைத்தது போலிருந்தது. உள்ளங்கை முழுவதும் காய்ப்பு! எத்தனை ஆபரேஷன் செய்த கையோ என்று மெய்சிலிர்த்தேன்.

அந்தச் சிலிர்ப்பு அடங்குவதற்குள் கோட்டுக்காரர் வந்து, "சார் மாதிரி ஒருத்தர் இருக்கறப்ப நான் சீட்ட வேற யாருக்கும் குடுப்பனா? ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் குடுத்துட்டுப் போங்க. இன்னைக்கே பிளாக் பண்ணிடறேன்" என்றார்.

பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், பாஸ்போர்ட். அத்தனையும் கொடுத்தேன். ரசீது கேட்டாள் தேன்மொழி. "அவமரியாதை பண்ணாத" என்று அவளை வெளியே அழைத்து வந்தேன்.

மறுநாள் காலை, நன்றி சொல்ல எல்லோரையும் ரெங்கநாதர் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். தரிசனம் முடிந்து, சேஷராயர் மண்டபத்தில் குதிரைச் சிற்பங்களைக் காட்டலாமே என்று போனால், ஒரு தூணின் அடியில் டீன் உட்கார்ந்திருந்தார்! அரைக் கால்சட்டைக்கு மேலே வேட்டியைச் சுற்றியிருந்தார். முன்னங்காலைத் தூக்கி நிற்கும் கல் குதிரையின் குளம்பை விரலால் அளந்துகொண்டிருந்தார்.

"பாத்தியா செல்வி! எவ்வளவு பெரிய படிப்பு படிச்சாலும் பெருமாளத் தேடி வந்துட்டார் பாரு" என்றேன். ஓடிப்போய், மண்டபத்தில் இருந்த அத்தனை பேர் முன்னிலையிலும், டீன் காலில் விழுந்தேன்.

அவர் பதறி எழுந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். முகமெல்லாம் சிரிப்பு. தூக்கி நிறுத்தி ஏதோ கேட்டார். என் ஆங்கிலம் வெல்டிங் ஆங்கிலம். அதனால் தேன்மொழியைப் பார்த்தேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆகியிருந்தது.

"என்ன கேக்கறார் பாப்பா?"

"கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதான்னு கேக்கறார் மாமா."

"எந்தக் கல்யாணம்?"

"நேத்து நடந்த கல்யாணம். நீங்கதான் பொண்ணோட அப்பாவாம். அதான் அப்படி அழுதீங்களாம்."

அப்புறம் அவள் அவரிடம் நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் அந்த ஹோட்டலில் தங்கியிருந்த சுற்றுலாப் பயணி. முன்கூடத்தில் ஒருவர் வந்து, விசேஷத்தில் சிறப்பு விருந்தினராக ஒரு மணி நேரம் உட்கார முடியுமா, சாப்பாடும் உண்டு என்று கேட்டிருக்கிறார். இந்தியக் கல்யாணம் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டுமே என்று இவரும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டிருக்கிறார். கோட்டு ஹோட்டல் மேனேஜருடையது. பெண்ணும் மாப்பிள்ளையும் கடைசிவரை வராததுதான் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

"ஊர்ல என்ன வேலை பாக்கறாராம்?" என்றேன், ஈனஸ்வரத்தில்.

"குதிரைக்கு லாடம் அடிக்கறாராம் மாமா."

என் தங்கை அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே, சர்டிபிகேட்டு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மூன்று தலைமுறையில் ஒரு பெண் எழுதி வாங்கிய மார்க் ஷீட்டை, குதிரை லாடக்காரருக்கு மாலை போட்ட கையோடு ஊர் பேர் தெரியாதவனிடம் கொடுத்திருக்கிறேன்.

தேன்மொழி விஷயத்தை விளக்கியதும் டீனுக்கு (அவர் பெயர் வாயில் நுழையவில்லை, எங்கள் வீட்டில் இன்றுவரை அவர் டீன்தான்) முகம் சிவந்துவிட்டது. நானும் வருகிறேன் என்று முன்னால் நடந்தார். ஒரே ஆட்டோவில் ஐந்து பேர் ஏறினோம். டீன் முழங்கால் இரண்டும் காதைத் தொட, குனிந்து உட்கார்ந்திருந்தார்.

ஏஜென்சி ஆபீஸ் தில்லை நகரில். ஞாயிறன்றும் கூட்டம். "நேத்து வந்தவர் டீனே இல்லையாமே சார்?" என்று நுழைந்ததுமே தேன்மொழி கேட்டாள். கோட்டுக்காரர் முகம் மாறாமல், "வாங்க சார், வாங்க! நம்ம டீனுக்கு நேத்து பிளைட் லேட். அதனால அவரோட பிரதிநிதிய உக்கார வெச்சோம். பெரிய இடங்கள்ல இது சகஜம்தானே?" என்றார்.

நான் "அப்படிங்களா" என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கணம் மறுபடியும் நம்பிவிட்டேன். அந்தக் குரல் அப்படி.

தேன்மொழி என் பைக்குள் கையை விட்டு நோட்டை எடுத்தாள்.

"சார், ஆறு வருஷமும் இங்கிலீஷ்லதான் பாடமா? எழுதிக் குடுப்பீங்களா?"

"அதெல்லாம் போகப் போகப் பாத்துக்கலாம்மா."

"படிச்சு முடிச்சா அந்த நாட்டுல டாக்டரா பதிவு பண்ண முடியுமா? பயிற்சி வருஷம் அங்கேயே உண்டா? போன வருஷம் நீங்க அனுப்புன யாராவது ஒருத்தர் போன் நம்பர் குடுங்க சார். ஒரே ஒருத்தர்."

அவள் குரலை உயர்த்தவில்லை. பதினெட்டு வயது, காலில் ரப்பர் செருப்பு. தொழிற்சாலையில் நான் கருவியை வைத்து இரும்பைத் தட்டிப் பார்ப்பதைவிட நேர்த்தியாகத் தட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் குளிர்ந்த அறையில் கோட்டுக்காரரின் மேலுதட்டில் வியர்வை பூப்பதை முதல்முறையாகப் பார்த்தேன்.

அப்போதுதான் ஆட்டோவிலிருந்து காலைப் பிரித்து எடுத்துக்கொண்டு டீன் உள்ளே வந்தார். முந்தைய நாள் வந்திருந்த பெற்றோர் சிலர் வரவேற்பறையில் காத்திருந்தார்கள். "டீன்! டீன்!" என்று சடசடவென எழுந்து கை கூப்பினார்கள். அவரும் பதிலுக்குக் கை கூப்பினார். பிறகு நிறுத்தி நிதானமாக ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

தேன்மொழி அந்த அறை முழுவதும் கேட்கும்படி தமிழில் சொன்னாள்: "இவர் டீன் இல்லீங்க. டாக்டரும் இல்லீங்க. குதிரைக்கு லாடம் அடிக்கறவர். நேத்து நடந்தது கல்யாணம்னு நெனச்சு வந்தாராம். எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கறார்."

ஓர் அம்மாள், "என் பையன் சர்டிபிகேட்ட எடு!" என்றார். அடுத்த இரண்டு நிமிடத்தில் அந்த ஆபீஸில் இருந்த எல்லா அலமாரிகளும் திறந்தன. எங்கள் கவர் கைக்கு வந்தது. செல்வி ஒவ்வொரு தாளாக எண்ணி, கடைசியில் முந்தானையில் பொதிந்து கட்டிக்கொண்டாள். டீன் விடைபெறும்போது தேன்மொழியிடம் ஏதோ சொல்லிக் கை குலுக்கினார். என்ன சொன்னார் என்று கேட்டேன். "அடுத்த தடவை என் கல்யாணத்துக்கே வரேன்னார்" என்றாள்.

அதற்குப் பிறகு ஆலோசகரைத் தேடும் பொறுப்பைத் தேன்மொழியே எடுத்துக்கொண்டாள். நான் கூடப் போனேன், பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஐந்தாறு இடம் ஏறி இறங்கி, ஸ்ரீரங்கத்திலேயே ஒரு தையல் கடை மாடியில் ஒரு பெண்மணியைக் கண்டுபிடித்தாள். பருத்திச் சேலை, ஒரு மின்விசிறி, மூன்று நாற்காலி. எனக்கு அந்த இடம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவர் முதல் அரை மணி நேரமும் ஏன் போகக் கூடாது என்றே பேசினார். குளிர், மொழி, திரும்பி வந்தபின் எழுத வேண்டிய பரீட்சை, அதில் தோற்கிறவர்கள். ஒரிஜினலை நீட்டினால், "உங்க கிட்டயே இருக்கட்டும், நகல் போதும்" என்றார். அங்கே படிக்கிற மூன்று பேருடைய எண் கொடுத்தார். நாலாவதாக, பாதியில் திரும்பி வந்த ஒரு பையனுடைய எண்ணையும் அவனிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தார். நோட்டில் இருந்த கேள்விகளில் இரண்டுக்கு மட்டும், "இது எனக்குத் தெரியாதும்மா, விசாரிச்சுத்தான் சொல்லணும்" என்றார்.

கீழே இறங்கியதும் தேன்மொழி சொன்னாள்: "இவங்கதான் மாமா."

"ரெண்டு கேள்விக்குத் தெரியாதுன்னுட்டாங்களே?"

"அதனாலதான்."

படியிலேயே நின்றுவிட்டேன். இந்தப் பெண்ணையா நான் ரசீது கேட்டதற்காக வெளியே இழுத்து வந்தேன்! நாலு பேரிடமும் போனில் பேசி, விசாரித்து வந்த இரண்டு பதில்களையும் ஆணையத்தின் விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, பிறகுதான் அவள் கையெழுத்துப் போட்டாள். இப்போது கடைசி வருடம் படிக்கிறாள். மொழிதான் கஷ்டமாம், நோயாளிகளிடம் அந்த ஊர் பாஷையில்தான் பேச வேண்டுமாம். அதை அந்தப் பெண்மணி முதல் நாளே சொல்லியிருந்தார்.

நான் அழுத வீடியோவை அந்த ஏஜென்சி விளம்பரமாகப் போட்டு, பிறகு ஏஜென்சியே காணாமல் போய்விட்டது. ஆனால் வீடியோ எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் சிரஞ்சீவியாக இருக்கிறது. என் பிறந்தநாளுக்கு வருடம் தவறாமல் வரும்.

போன பொங்கலுக்கு என் மகனுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். பெண்ணின் சித்தப்பா கோட்டுப் போட்டிருந்தார். அவர் பேசப் பேச எனக்கு மெல்ல மெல்லக் கண் கலங்க ஆரம்பித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வியின் வீட்டுக்காரர், பஜ்ஜியை மென்றபடி என் காதோரம் குனிந்தார்.

"மச்சான், டீனா லாடமான்னு மொதல்ல கேட்டுக்குவோம்."