மாமனார் சைக்கிளுக்கு மெலிசான சக்கரம்

புதிதாகக் கல்யாணமானவன் கையில் ஒரு சைக்கிளையும், ஓர் அறிவியல் பத்திரிகையையும், வேலையில்லாத மத்தியானங்களையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. தனித்தனியாகக் கொடுத்தால் ஆபத்தில்லை. எனக்கு எண்பதுகளின் தொடக்கத்தில் மூன்றும் ஒரே சமயத்தில் வாய்த்தன.

சைக்கிளைத் தந்தவர் என் மாமனார். வடகரையில் நெல்லும் தென்னையுமாக இருக்கிறவர். நல்ல ஆகிருதி. கல்யாணத்துக்கு அவர் வாங்கிக் கொடுத்த சைக்கிளும் அவரைப் போலவே இருந்தது: கறுப்பு, கனம், யாருக்காகவும் அவசரப்படாத சுபாவம். செயினை முழுசாக மூடும் கவர், டைனமோ, நெல் மூட்டையே ஏற்றலாம் போன்ற கேரியர். அதை ஸ்டாண்டிலிருந்து இறக்கும்போதே எனக்கு மூச்சு வாங்கும்.

மத்தியானங்களைத் தந்தது தென்காசியில் நான் வேலை பார்த்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். காலையிலும் மாலையிலும்தான் வகுப்பு. என் விரல்களுக்கு நல்ல பயிற்சி இருந்தது. கால்களுக்கு அதுவரை தெரிந்த ஒரே வேலை, ஸ்டூலுக்கு அடியில் தொங்குவது.

பத்திரிகை நூலகத்தில் கிடைத்தது. அட்டை இல்லாத பழைய இதழ். அதில் ஒருவர் எழுதியிருந்தார்: சைக்கிளில் எங்கே எடையைக் குறைத்தாலும் லாபம்தான், ஆனால் சக்கரத்தின் விளிம்பில் குறைத்தால் லாபம் இரட்டிப்பு, ஏனென்றால் அது முன்னால் போவதோடு சுற்றவும் வேண்டியிருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உலகம் முழுக்க ரகசியமாக வைத்திருந்த ஒன்று என் மடியில் வந்து விழுந்த மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போய் வாளியில் தண்ணீர் எடுத்து, முற்றத்தில் நின்று கையை வீசிச் சுற்றி, என் மனைவி செண்பகத்துக்கு அந்தத் தத்துவத்தை விளக்கினேன். பாதித் தத்துவம் கொடியில் காய்ந்த துணிமேல் கொட்டியது.

செண்பகம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள். "எடையக் குறைக்கணும்னா நீங்க ராத்திரிச் சாப்பாட்டக் குறைச்சாப் போதாதா? சக்கரத்த எதுக்குக் கழத்துதீய?"

அறிவியல் தெரியாத பெண் என்று அவளை மன்னித்தேன். (இன்றைக்கு யோசித்தால், அந்த வீட்டில் அறிவியல் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.)

சக்கரத்தைக் கழற்ற எனக்குக் காரணம் இருந்தது. சாரல் தொடங்கியதும் எங்கள் இளைஞர் மன்றத்தார் ஒரு சைக்கிள் போட்டி வைப்பார்கள். தென்காசிக் கோயில் வாசலில் புறப்பட்டு, மேலகரம், குற்றாலம் வழியாக ஐந்தருவி வரை ஏறி, அங்கே திரும்பி, இறங்கி வந்து குற்றாலம் கடைவீதி முனையில் கட்டியிருக்கும் ரிப்பனைத் தொட வேண்டும். சாதாரண சைக்கிள்தான் ஓட்டலாம். ஒரே பல்சக்கரம், கியர் கிடையாது. அதற்கு முந்தைய போட்டிகளில் எல்லாம் ஜெயித்தவன் கருப்பசாமி. பண்பொழிக்காரன். விடிகாலையில் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக மிதிக்கிறவன். தொடை இரண்டும் உரல் மாதிரி இருக்கும். அது மட்டும் என்றால் பரவாயில்லை. அவன் செண்பகத்தின் அத்தை மகன். நான் இடையில் வராமல் இருந்திருந்தால் முறைப்படி அவளைக் கட்டியிருக்க வேண்டியவன். கல்யாணப் பந்தியில் எனக்குப் பாயசம் ஊற்றியவனும் அவன்தான். அந்தக் கையின் பருமனைப் பார்த்து நான் இரண்டாவது முறை பாயசம் கேட்கவில்லை.

போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகு செண்பகத்திடம் சொன்னேன். அவள் தன் அப்பாவுக்கும் சொல்லி அனுப்பிவிட்டாள்.

இனிச் சக்கரம்தான் பாக்கி. இருந்த சக்கரத்தைக் கழற்றி, பழக்கமான அரிசிக்கடைத் தராசில் வைத்தேன். அண்ணாச்சி எதிர்த்தட்டில் படிக்கல்லை வைத்துக்கொண்டே போனார். வாங்க வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஒருவர் என்ன விலை என்று கேட்டார். அந்த எடையைப் பார்த்ததும் என் இளைத்த உடம்பு இத்தனை நாளாக எதைச் சுற்றிக்கொண்டிருந்தது என்று புரிந்து, கண் கலங்கிவிட்டது.

அடுத்த சில வாரங்கள் நான் சக்கரம் பார்த்தேன். பெண் பார்த்தபோதுகூட அத்தனை வீடு ஏறி இறங்கவில்லை. லேடீஸ் சைக்கிள் சக்கரம் ஒன்று கிடைத்தது. இலேசுதான், ஆனால் போட்டுப் பார்த்தால் பெடல் தரையைத் தட்டியது. திருநெல்வேலி ஜங்ஷன் வரை பஸ்ஸில் போய் ஒரு ஜோடி அலுமினிய ரிம் பார்த்தேன். விரலால் தூக்கலாம். ஆசையோடு கடையில் உருட்டிவிட்டேன். அது நேராகப் போகாமல் வளைந்து என்னிடமே திரும்பி வந்தது. கடைக்காரர், பாசமான ரிம் என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

கடைசியில் செங்கோட்டையில் தங்கப்பனைக் கண்டுபிடித்தேன். மரக்கடையில் கணக்குப் பார்க்கிறவர், புனலூர்ப் பக்கத்து மலையாளி. இளமையில் பந்தயத்தில் ஓட்டியவராம். அதை அவரே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பந்தயச் சைக்கிள் எப்போதோ போய்விட்டது. சக்கரங்கள் மட்டும் பரணில் துணி சுற்றி இருந்தன. அவிழ்த்துக் காட்டினார்.

நான் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. ஒல்லியான ரிம், நூல் மாதிரி கம்பிகள், சுண்டுவிரல் கனத்தில் டயர். அச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தட்டுத் தட்டினார். சக்கரம் சத்தமில்லாமல் சுற்ற ஆரம்பித்தது. நாங்கள் டீ குடித்து முடித்தோம். அது சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இதைப் போட்டுக்கொண்டு ஐந்தருவி ஏற்றத்தில் மிதிக்கவே வேண்டாம், ஏறி உட்கார்ந்தால் போதும் என்று தோன்றியது.

இரண்டு சக்கரத்தையும் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது தங்கப்பன் என் தோளைத் தொட்டுச் சொன்னார். "சாரே, ஈ வீலினு பிரேக் பிடிக்கில்லா, கேட்டோ."

இந்த வீலுக்குப் பிரேக் பிடிக்காது என்கிறார். நான் பூரித்துப் போனேன். சில பேருக்குக் கத்தரிக்காய் பிடிக்காது, சில குதிரைக்குக் கடிவாளம் பிடிக்காது, இந்தச் சக்கரத்துக்குப் பிரேக் பிடிக்காது. என்ன ஒரு ரோஷமான சக்கரம். எனக்கும் பிடிக்காது என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் சொன்னது வேறு. எங்கள் சைக்கிளில் இருந்தது கம்பி பிரேக். அதன் கட்டைகள் ரிம்மின் உள்பக்கத்தில் உட்கார்ந்து பிடிக்க வேண்டும். அதற்கு அகலமான ரிம் வேண்டும். பந்தய ரிம்மில் அந்த இடமே இல்லை. வீட்டில் வந்து மாட்டிய பிறகு பார்த்தேன், பிரேக்கை அழுத்தினால் கட்டைகள் காற்றைப் பிடித்தன. புத்தியுள்ளவன் அங்கே நிறுத்தியிருப்பான். நான் வேறு விதமாக யோசித்தேன்: சக்கரத்தைத் தொடாத பிரேக் வீண் பாரம். இரண்டு பிரேக்கையும் கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். (அந்தக் காலத்தில் பிரேக் இல்லாத சைக்கிள் எங்கள் தெருவில் அதிசயமும் இல்லை. செருப்புக் காலைத் தரையில் தேய்த்தால் நிற்கும். தெரு சமதளம் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.) அதோடு மட்கார்டு, செயின் கவர், டைனமோ, கேரியர், ஸ்டாண்டு எல்லாம் போயின.

போட்டியன்று காலையில் மாமனார் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். வாசலில் தோலுரித்த கோழி மாதிரிச் சாய்ந்து நின்ற சைக்கிளைப் பார்த்து, யாருடையது என்று விசாரித்தார். செண்பகம் உள்ளே போய்விட்டாள். உங்களுடையதுதான் மாமா என்றேன். அவர் அதைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பிறகு, வந்ததுக்குக் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, அப்படியே முடிவையும் பார்க்கிறேன் என்று சொல்லி, மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

கோயில் வாசலில் நல்ல கூட்டம். அப்போது கோபுரம் இடிந்து மொட்டையாக நிற்கும். அதன் மேலே சாரல் புகை மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. கருப்பசாமி பால் சைக்கிளிலேயே வந்திருந்தான், கேன்களை மட்டும் இறக்கிவிட்டு. என் சக்கரங்களைக் குனிந்து பார்த்து, "அண்ணாச்சி, இது தாங்குமா?" என்றான். பயந்துவிட்டான் என்று நினைத்தேன். விசில் ஊதினார்கள்.

மேலகரம் தாண்டும் வரை நான் பறந்தேன். அந்த நிமிஷங்களை இன்றைக்கும் என்னால் மறக்க முடியாது. சக்கரம் தரையில் இருக்கிறதா என்றே தெரியவில்லை. காதில் காற்று, முகத்தில் சாரல், முன்னால் யாருமில்லை. மன்றத்துப் பையன்கள் என் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

குற்றாலம் தாண்டி ஏற்றம் ஆரம்பித்தது. பத்திரிகைக்காரர் சக்கரத்தைப் பற்றி எழுதியவர், காலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. ஒவ்வொருவராக என்னைக் கடந்து போனார்கள். கருப்பசாமி போகும்போது, மெதுவாக வாங்க அண்ணாச்சி என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடந்தார். நான் ஐந்தருவியைத் தொட்டபோது கடைசியாக இருந்தேன். அங்கே நின்ற மன்றத்துக்காரர் எனக்காகத்தான் காத்திருந்தார். நான் திரும்பியதும் குடையை மடக்கிவிட்டார்.

திரும்பினேன். இறக்கம்.

முதல் வளைவில் செருப்பைத் தேய்த்தேன். ஈர ரோட்டில் அது வழுக்கியது. இரண்டாவது வளைவில் செருப்பு போய்விட்டது. அதன் பிறகு எனக்கும் சைக்கிளுக்கும் இருந்த உறவு, அது போகிற இடத்துக்கு நானும் போவது என்ற அளவில்தான். மற்றவர்கள் எல்லாம் ஈர ரோடு என்று பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். வாத்தியாரைக் கடந்தேன். ஒவ்வொருவராகக் கடந்தேன். விலகுங்க, விலகுங்க என்று நான் அலறியதை வீரமுழக்கம் என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். கடைசி வளைவில் கருப்பசாமியையும் கடந்தபோது, அவன் முகத்தில் அப்படி ஒரு வியப்பைப் பார்த்தேன். கும்பிடத் தோன்றியது, கையை எடுக்க முடியவில்லை.

கடைவீதி முனையில் ரிப்பன் தெரிந்தது. ஆமாம், நான்தான் முதலில் தொட்டேன். ரிப்பன் அறுந்து என் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. கூட்டம் ஆர்ப்பரித்தது. நான் நிற்காமல் அருவியை நோக்கிப் போனேன்.

அந்தப் பக்கம் முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கிறவர்கள். நிலைமையைப் புரிந்துகொண்ட இரண்டு பேர் என் சட்டையைப் பிடித்தார்கள். எண்ணெய்க் கை, வழுக்கிவிட்டது. ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்தார், அதுவும் வழுக்கியது. அப்போதுதான் மாமனாரைப் பார்த்தேன். தலையிலிருந்து கால் வரை நல்லெண்ணெய் மினுங்க, இடுப்பில் ஒரு துண்டோடு நடு ரோட்டில் நின்றார். கழுத்தில் ரிப்பனோடு மருமகன் முதலாவதாக வருவதைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. அவர் அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. இரண்டு கைகளையும் அகல விரித்து, என்னைக் கட்டிப்பிடிப்பதற்காக முன்னால் நடந்து வந்தார்.

மாமா, பிரேக் இல்லை என்று சொல்ல நினைத்தேன். 'மாமா' மட்டும்தான் வந்தது. அதைப் பாசம் என்று நினைத்து அவர் இன்னும் வேகமாக வந்தார்.

மோதிய சத்தம் பெரிதாக இல்லை, எண்ணெய் காரணம். நாங்கள் கட்டிப்பிடித்தபடியே வழுக்கிக்கொண்டு போய் ஒரு பழக்கடையில் நின்றோம். மேலே மங்குஸ்தான் கொட்டியது. முன்சக்கரம் முறுக்காகிக் கிடந்தது. ஹேண்டில்பாரில் மாமனாருடைய துண்டு கொடி மாதிரிப் பறந்தது. செண்பகம் ஓடி வந்தாள். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கையிலிருந்த குடையை விரித்து அப்பாவுக்கு முன்னால் வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

"செயிச்சிட்டீயளா?" என்றாள்.

கழுத்திலிருந்த ரிப்பனைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன்.

எனக்கு முழங்கால் சிராய்ப்பு. மாமனாருக்கு வலது கை எலும்பு முறிவு. அவரைப் பால் சைக்கிளின் கேரியரில் உட்கார வைத்து, தென்காசி ஆஸ்பத்திரி வரை மிதித்தவன் கருப்பசாமி. வழியெல்லாம் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே போனார்களாம். சிரிப்பில் மாமனார் இரண்டு தடவை கீழே விழப் பார்த்தாராம். மன்றத்தார் முதல் பரிசை எனக்கே கொடுத்தார்கள். எவர்சில்வர் குடம். அது யாருக்கும் ஞாபகமில்லை.

கை கட்டோடு வடகரைக்கு அனுப்ப முடியாது என்று மாமனாரை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் பேசியது, வாங்க, சாப்பிட்டீங்களா என்ற இரண்டு வார்த்தைதான். இப்போது அவருக்குச் சோறு பிசைந்து கொடுப்பதும், தலை துவட்டுவதும், சட்டை மாட்டிவிடுவதும் என் வேலை. மத்தியானங்கள்தான் எனக்கு நிறைய இருந்தனவே. தாயக்கட்டம் போட்டோம். இடது கையால் உருட்டியே என்னைத் தோற்கடித்தார். நெல், மழை, செண்பகத்தின் சின்ன வயசுப் பிடிவாதம் எல்லாம் பேசினார். கட்டு அவிழ்த்த பிறகும் பத்து நாள் இருந்துவிட்டுத்தான் போனார்.

அதன் பிறகு எந்தக் கல்யாண வீடானாலும், எந்தச் சடங்கானாலும், யாராவது அவரிடம் உங்க மருமகன் எப்படிப் பழகுதாரு என்று கேட்டால் போதும். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்லுவார்.

"குறையே சொல்ல முடியாது. ரொம்ப மேல விழுந்து பழகுவாரு."