ஓடுகிற வெள்ளைப் புழுவைப் பற்றிப் பெரியப்பாவுக்கு

கம்பம்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு, தம்பி மகள் மாரீஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. கண் ஆபரேஷன் முடிந்து சென்னையில் அண்ணன் வீட்டில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு ஆட்கள் எல்லோரும் நலம். உங்கள் திராட்சைத் தோட்டத்தில் மேற்கோரம் இரண்டு வரிசைக்கு மட்டும் கொஞ்சம் நலமில்லை. அதுவும் தேறி வருகிறது.

நீங்கள் அடிக்கச் சொன்ன மருந்தை அடிக்கவில்லை. நிறுத்தியது அப்பா இல்லை, நான். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீங்கள் "ம், சொல்லு" என்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த வரிசைகளில் வந்த மாவுப்பூச்சி பழத்தில் ஏறினால் தோட்டத்தை அப்பாவிடமிருந்து எடுத்து வேறு ஆளுக்குக் குத்தகைக்கு விட்டுவிடுவேன் என்று நீங்கள் சொன்னதும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து அப்பா சோற்றைப் பிசைகிறார், பிசைகிறார், வாயில் வைப்பதில்லை.

ஒன்பதாவதோடு நின்ற பிள்ளைக்கு என்ன தெரியும் என்பீர்கள், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். அல்லிநகரத்தில் பூச்சிகளை அடையாளம் காணப் பத்து நாள் பயிற்சி நடந்தது. படிப்பு வேண்டாம், பார்வை நன்றாக இருந்தால் போதும் என்றார்கள், போனேன். முதல் நாள் பெயரைக் கேட்டபோது பேச்சு வராமல் ஆதார் அட்டையைக் காட்டினேன். மூன்றாம் நாள் திரும்பி வரும்போது பஸ்ஸில், பூச்சி பிடித்து வைத்திருந்த என் பாட்டிலின் மூடி கழன்று நாவாய்ப்பூச்சிகள் நாலைந்து வெளியே வந்துவிட்டன. அந்த நாற்றத்துக்கு எல்லோரும் மீன் கூடை வைத்திருந்த அம்மாளைத் திட்ட, அந்த அம்மாள் டிரைவரைத் திட்ட, நான்தான் என்று சொல்ல வாய் வராமல் உத்தமபாளையத்திலேயே இறங்கி மிச்ச தூரம் நடந்தேன். சிலந்திக்கு எட்டுக் கால், அதனால் அது பூச்சியில் சேராது என்று வீட்டில் சொன்னால் அப்பா, "ரெண்டு காலு கூட இருந்தா ஒதுக்கி வச்சுருவாகளா?" என்று கேட்கிறார். ஆனால் கடைசி நாள் இருபது பூச்சிகளைப் புட்டிகளில் வைத்துப் பெயர் எழுதச் சொன்னதில், காலேஜ் படித்தவர்களே பதினாலைத் தாண்டாதபோது நான் பத்தொன்பது எழுதினேன். மிச்சம் ஒன்று என் முறை வருவதற்குள் தப்பித்துவிட்டது. பயிற்சி நடத்திய எப்சிபா அக்கா எல்லோரையும் எனக்குக் கைதட்டச் சொன்னபோது நான் மேசைக்கு அடியில் பென்சில் தேடிக்கொண்டிருந்தேன். பென்சில் கையில்தான் இருந்தது.

நம் தோட்டத்தில் இதுவரை நூற்றுப் பன்னிரண்டு வகைப் பூச்சிகளை எழுதிவைத்திருக்கிறேன், பெரியப்பா. கொடிக்குக் கெடுதல் செய்பவை அதில் ஒன்பதுதான். மற்றவை தம் வேலையைப் பார்க்கின்றன. சில நம் வேலையையும் சேர்த்துப் பார்க்கின்றன. பயிற்சியில் டப்பாவில் கொடுத்த, கிரிப்டோலேமஸ் என்கிற பொறிவண்டுகளை மாவுப்பூச்சி இருந்த வரிசையில் விட்டேன். முட்டையிட்டன, புழு வந்தது. அந்தப் புழுவும் மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளையாக, மாவில் புரண்டதுபோல இருக்கும். படம் அனுப்பினேன். நீங்கள், "ரெண்டும் வெள்ளையாத்தான இருக்கு, ரெண்டையும் அடிங்க" என்று சொல்லி, மருந்தடிக்கிற ஒச்சாண்டி அண்ணனையும் வரச்சொல்லிவிட்டீர்கள்.

அவர் மெஷினை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தார். அப்பா தரையைப் பார்த்தார். நான் போய்க் கொடிக்கும் அவருக்கும் நடுவில் நின்று, "அடிக்காதீங்கண்ணே" என்றேன். அவர் மருந்தை மறந்துவிட்டு, "ஆத்தா, நீ பேசுவியா?" என்று கேட்டார். பேசினேன். குச்சியால் மாவுப்பூச்சியைத் தொட்டேன், அப்படியே உட்கார்ந்திருந்தது. புழுவைத் தொட்டேன்; ஓடியது. ஓடிப்போய் மாவுப்பூச்சியின் முட்டையைத் தின்னத் தொடங்கியது. அண்ணன் மெஷினைக்கூட இறக்காமல் அரை மணி நேரம் குனிந்து பார்த்தார். பிறகு, "இது எம்பொழப்பையும் சேத்துல்ல திங்கும் போலருக்கு" என்று சொல்லிவிட்டு, அடிக்காமலே போய்விட்டார்.

பழம் வெட்டுக்கு வரும்போது புழுக்களை நேரில் காட்டுகிறேன். குச்சியால் நீங்களே தொட்டுப் பார்த்த பிறகு தோட்டத்தைப் பற்றி முடிவு செய்யுங்கள். கண்ணைக் கசக்காமல், சொட்டு மருந்தை நேரத்துக்கு விட்டுக்கொண்டு நல்லபடியாக ஊர் வந்து சேர வேண்டும். பெரியம்மாவை நான் கேட்டதாகச் சொல்லவும்.

பணிவுடன்,
மாரீஸ்வரி

பி.கு.: தபாலில் போடக் கொடுத்த இந்தக் கடிதம் இருபத்தைந்து நாளாக அப்பாவின் வண்டிப் பெட்டியிலேயே இருந்திருக்கிறது. மறதி இல்லையாம், பயமாம். அதற்குள் மருந்து அடித்தாயிற்று என்று உங்களிடம் போனில் சொல்லியும்விட்டாராம். இப்போது தோட்டத்தில் மாவுப்பூச்சி இல்லை. தின்ன ஒன்றும் இல்லாததால், வண்டாகிவிட்ட புழுக்களும் பறந்துவிட்டன. ஆகவே உங்களுக்குக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. தோட்டம் அப்பாவிடமே இருக்கட்டும் என்று நேற்று நீங்கள் சொன்னதைக் கேட்டு அவர் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். நல்ல மருந்தாக இருக்கிறதே, கூடலூர்ச் சம்பந்திக்கும் சொல்ல வேண்டும், பெயர் என்ன என்று கேட்டீர்களாம். அப்பா என்னைப் பார்த்தார். எழுதிக்கொள்ளுங்கள்: கிரிப்டோலேமஸ். டப்பாவில் வரும். திறப்பதற்கு முன் குலுக்க வேண்டாம் என்று மட்டும் சம்பந்தியிடம் சொல்லிவிடுங்கள்.