ஆஃப் பண்ணாத பாய்

உலகத்தில் டீசல் என்றைக்காவது தீர்ந்துபோனால் யார் யாரையோ குறை சொல்வார்கள். எனக்குத் தெரியும், அதற்கு முழுமுதல் காரணம் இரும்புலியூரில் எங்கள் தெருவில் குடியிருந்த ஒரே ஒரு மனிதர்தான். அவர் பெயர் ஆஃப் பண்ணாத பாய்.

சொந்தப் பெயர் வேறு ஏதோ இருந்திருக்க வேண்டும். என் கல்யாணப் பத்திரிகையை அவருக்கு வைக்கப் போன அன்றுதான், உறைமேல் என்ன எழுதுவது என்று எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியவில்லை என்பது தெரிந்தது. அப்பா பேனாவைக் கடித்து யோசித்துவிட்டு, 'ஆஃப் பண்ணாத பாய் குடும்பத்தார்' என்றே எழுதினார். பாய் அதை வாங்கிப் படித்தார். "இன்னா வாத்தியாரே, இனிஷியல் போடலியே" என்றார்.

ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி அவருக்குப் பைப், குழாய் சாமான் விற்கும் கடை. கூடவே ஒரு வேன். ஒருகாலத்தில் அது க்ரீம் கலர் என்பார்கள், நான் பார்த்த நாளிலிருந்து அதற்குக் கலர் என்று சொல்ல எதுவும் இருந்ததில்லை. அந்த வேனுக்கு ஒரு விசித்திரமான வியாதி. காலையில் பாய் வீட்டு வாசலில் சாவியைத் திருப்பினால் தொட்டதும் கிளம்பிவிடும். வெளியே எங்காவது போய் ஆஃப் பண்ணிவிட்டு மறுபடி திருப்பினால், 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம் வரும். அதோடு சரி. நான்கு பேர் இறங்கித் தள்ளினால்தான் உண்டு.

வண்டியைப் பார்க்காத மெக்கானிக் இல்லை. பம்மலில் ஒருவர் மட்டும் காரணம் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். "பாய், உள்ள ஏதோ ஒரு ஒயரு சூடானா விட்டுக்குது, ஆறினா சேந்துக்குது. எந்த ஒயருன்னு பாக்கலாம்னு தொறந்தா அதுக்குள்ள ஆறிப்பூடுது. நான் இன்னா பண்ணட்டும்?"

பாய் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. "ஒயராவது கியராவது. அதுக்கு வூட்டாண்ட இருந்தாத்தான் மனசு நிம்மதியா கீது. வெளிய போனா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு உக்காந்துக்குது. அந்த மாதிரி மனுசங்க இல்லியா?" என்பார்.

ஆகவே ஒரு சட்டம் பிறந்தது. வீட்டு வாசலில் மட்டும்தான் ஆஃப். காலையில் கிளம்பினால் திரும்பி வரும்வரை எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும்.

எங்கள் தெருவில் யாருக்கு ஆஸ்பத்திரி, கல்யாணம், ரயிலடி என்றாலும் பாயின் வேன்தான். வாடகை கிடையாது. ஒரே நிபந்தனை, இறங்கிய இடத்தில் நம்மில் ஒருவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து எஞ்சினைக் காவல் காக்க வேண்டும். மூச்சு இழுக்கிற மாதிரி தெரிந்தால் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதிக்க வேண்டும். இதற்குத் தெருவில் 'உட்காருவது' என்று பெயர். கல்யாண வீடுகளில் முதல் பந்தியில் சாப்பிட்டவர் ஏப்பத்தோடு வெளியே வந்து, உட்கார்ந்திருப்பவரை மாற்றிவிடுவார். என் அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, மடியில் இலையை வைத்து, வலது காலால் ஆக்ஸிலரேட்டரை மிதித்தபடி பாயசம் குடித்திருக்கிறார். அப்பா கணக்கு வாத்தியார். ஒரு பரீட்சைக் கட்டு முழுவதையும் அந்த சீட்டில் உட்கார்ந்தே திருத்தினார். அந்த ஆட்டத்தில் அவர் போட்ட டிக் எல்லாம் நெளிந்து, சரியா தப்பா என்று பையன்கள் வரிசையில் நின்று தகராறு செய்தார்கள்.

தனியாகப் போகிற நாட்களில் பாய் வண்டியை விட்டு இறங்கவே மாட்டார். சலூன்காரர் கத்தரிக்கோலோடு ரோட்டுக்கு வந்து, ஜன்னல் வழியாக முடி வெட்டுவார். வலது பக்கம் பிரமாதமாக இருக்கும். இடது பக்கம் கை எட்டிய அளவுக்கு.

எஞ்சின் ஓட, சாவி தொங்க நிற்கும் வண்டியை யாராவது கொண்டுபோய்விட மாட்டார்களா என்று கேட்பீர்கள். கொண்டுபோனார்கள். ஒரே ஒருமுறை பாய் ஒரு நிமிஷம் இறங்கிப் பழம் வாங்கியபோது எவனோ ஏறி ஓட்டிக்கொண்டு போய்விட்டான். போனவன் பெருங்களத்தூரில் டீ குடிக்க நிறுத்தினான். பழக்கதோஷம், சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணிவிட்டான். நாங்கள் ஆட்டோ பிடித்துத் தேடிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, டீக்கடையில் இருந்தவர்கள் வியர்க்க விறுவிறுக்க நின்றிருந்தார்கள். "இவ்ளோ நேரம் ஒருத்தருக்குத் தள்ளிக் குடுத்தோம் சார். கெளம்பல. கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிட்டாரு" என்றார்கள். பாய்க்குத் திருடன்மேல் கோபமே இல்லை. "பாவம், ஒரு வார்த்தை என்னாண்ட கேட்டுக்கினு எடுத்திருந்தா சொல்லியிருப்பேனே" என்று வருத்தப்பட்டார்.

இப்படிப்பட்ட வண்டியில்தான் நான் பெண் பார்க்கப் போனேன்.

எனக்கு முப்பது தாண்டியிருந்தது. பல இடங்கள் பார்த்து, பல இடங்களில் பஜ்ஜி சாப்பிட்டு, எல்லாம் தட்டிப்போயிருந்தன. இந்த முறை கேளம்பாக்கத்தில் ஒரு வீடு. பெண் பெயர் எஸ்தர், ஸ்கூல் டீச்சர். போட்டோவைப் பார்த்த அன்றே எனக்கு முடிவாகிவிட்டது. இதுவும் போனால் இனி எங்கேயும் போவதில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அம்மா ஜெபம் பண்ணியபடியே வேனில் ஏறினார். வண்டலூர் தாண்டும்போது பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "தம்பி, இன்னா இப்டி வேத்துக்கினு கீற? நான் பேசிக்கிறேன், நீ கம்முனு உக்காரு" என்றார். எனக்கு இன்னும் அதிகமாக வேர்த்தது.

போய் இறங்கினோம். சித்தப்பாவை 'உட்கார' வைத்துவிட்டு உள்ளே போனோம். பெண்ணின் அப்பா சர்ச் கமிட்டியில் இருக்கும் மனிதர். இஸ்திரி போட்ட சட்டை, இஸ்திரி போட்ட முகம். வாசலில் வேன் டடடடவென்று அதிர்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடிகள் கூடவே பாடின. சுவரில் மாட்டியிருந்த பைபிள் வசனப் படம் கோணலாகிக்கொண்டே வந்தது. டீப்பாயில் வைத்த தண்ணீர் டம்ளர்கள் தாமாக நகர்ந்து ஓரத்துக்குப் போக, என் அப்பா ஒவ்வொன்றாக இழுத்து நடுவில் வைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க டிரைவர் வண்டிய ஆஃப் பண்ண மறந்துட்டார் போல" என்றார் பெண்ணின் அப்பா.

"மறக்கலீங்க. அது அப்படித்தான்" என்றார் என் அப்பா.

"அப்போ உடனே கிளம்பணுமா? பொண்ணு பாக்க வந்தவங்க வண்டிய ரெடியா வெச்சுட்டு உக்காந்திருக்கிறத நான் இப்போதான் பாக்குறேன். பிடிக்கலன்னா டக்குனு போயிடலாம்னா?"

பாய் பேசினார். பேசாமல் இருந்திருக்கலாம். "அப்டி இல்ல சார். இவுங்க எங்க போனாலும் இப்டித்தான். போன தபா பாத்த வூட்லகூட இப்டித்தான் உட்டுட்டு உக்காந்தோம்."

எஸ்தர் காபி கொடுக்க வந்தபோதும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினாலும் கேட்டிருக்காது. அவள் முகத்தைச் சுளித்து, புகை வந்த ஜன்னலைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் அப்பா எழுந்து நின்றார். "சரி, நாங்க கலந்து பேசிட்டு சொல்லி அனுப்புறோம்" என்றார். பல வீடுகளில் கேட்ட வாக்கியம்தான். ஆனால் அன்றைக்குப்போல் எனக்கு எப்போதும் வலித்ததில்லை.

அப்போதுதான் அது நடந்தது. டடடட நின்றுவிட்டது.

ஜன்னல்கள் அமைதியாயின. டம்ளர்கள் நின்ற இடத்தில் நின்றன. பாயின் கை, மிக்சரோடு வாய்க்குப் பாதி வழியில் நின்றது. "யா அல்லா" என்று எழுந்தார்.

வாசற்படியில் எஸ்தர். கையில் வேன் சாவி. "வண்டிய ஆன்ல விட்டுட்டு ஒருத்தர் வாயைத் தொறந்து தூங்கிட்டிருக்கார். புகை பூரா கிச்சன்ல. கேசரியெல்லாம் டீசல் வாசனை. அதான் ஆஃப் பண்ணிட்டேன்."

"ஆஃப் பண்ட்டியாம்மா?" என்றார் பாய். அவர் குரலை அவ்வளவு சன்னமாக நான் கேட்டதே இல்லை.

"ஆமா. ஏன், பண்ணக் கூடாதா?"

பாய் சாவியை வாங்கிக்கொண்டு ஓடினார். டிக். மறுபடி டிக். எல்லோரும் வாசலுக்கு வந்தோம். எங்களை எப்படியாவது அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரத்தில், தள்ளுவதற்கு முதல் ஆளாக வேட்டியை மடித்துக் கட்டியவர் பெண்ணின் அப்பாதான். ஆனால் அந்தத் தெரு முழுக்க மணல். தள்ளத் தள்ள சக்கரம் புதைந்ததே தவிர வண்டி வேகம் எடுக்கவில்லை. எஸ்தரும் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு என் பக்கத்தில் வந்து கை வைத்தாள்.

"வந்ததுலேர்ந்து நீங்க ஒரு வார்த்தை பேசலியே?" என்றாள், தள்ளிக்கொண்டே.

"வண்டிச் சத்தத்துல என்னத்தப் பேசுறது?"

"இப்போதான் சத்தம் இல்லையே. பேசுங்க."

ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "காபி நல்லா இருந்துச்சு" என்றேன்.

"நீங்க குடிக்கவே இல்ல" என்றாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அந்த வேனை நான் வண்டலூர் வரைக்கும் தள்ளியிருப்பேன்.

வண்டி அசையவில்லை. மெக்கானிக் யாரும் அகப்படவில்லை, ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. வாசலில் வியர்த்து நிற்பவர்களைப் பட்டினியாக அனுப்ப அவள் அம்மாவுக்கு மனம் வரவில்லை. இருந்த மீன் குழம்பை வைத்தே எல்லோருக்கும் இலை போட்டார். சாப்பிட்டுக் கை கழுவப் போன பாய், குழாயைத் திருகிப் பார்த்து, "யாரு சார் இத மாட்னது? இது தோட்டத்துக்குப் போட்ற பைப்பு" என்று ஆரம்பித்தார். வீட்டிலிருந்த ஒவ்வொரு குழாயையும் பார்த்து ஒவ்வொன்றையும் திட்டினார். பெண்ணின் அப்பா பின்னாலேயே போனார். மாலைக் காபி வருவதற்குள் அந்த இஸ்திரி முகம் கலைந்து, இரண்டு பேரும் மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் நின்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கீழே நான் இரண்டாவது காபியைக் குடித்தேன். இந்த முறை நிஜமாகவே குடித்தேன். எஸ்தர் தன் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள், நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

வெயில் தாழ்ந்து, கடல் பக்கத்துக் காற்று வந்தது. கிளம்பும் முன் எதற்கும் ஒருமுறை பார்ப்போம் என்று பாய் சாவியைத் திருப்பினார். தொட்டதும் கிளம்பியது.

பாய் நம்பவில்லை. ஆஃப் பண்ணினார். நாங்கள் எல்லோரும் "பாய்!" என்று அலறினோம். மறுபடி திருப்பினார். மறுபடி கிளம்பியது. அவர் இறங்கி, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, நேராகப் பெண்ணின் அப்பாவிடம் போனார்.

"சார், இத்தினி வருசத்துல இது வெளிய எங்கியும் இப்டி ஸ்டார்ட் ஆனதில்ல. வூட்டாண்ட மட்டும்தான் ஆவும். இதுவும் நம்ம வூடுன்னு அது முடிவு பண்ட்ச்சு. வண்டிக்கே தெரிஞ்சி போச்சு, நம்ம இன்னும் இன்னாத்த கலந்து பேசிக்கினு?"

ஒயர் ஆறிவிட்டது என்பது எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. பெண்ணின் அப்பா கொஞ்ச நேரம் வேனையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு மகள் பக்கம் திரும்பினார்.

"எனக்குச் சரிதாம்பா" என்றாள் எஸ்தர். "ஆனா கல்யாணத்துக்கு இந்த வண்டி வேணாம்."

அந்த வண்டிதான் வந்தது. தெருவே சர்ச்சுக்குள் இருக்க வேண்டும் என்று பாய் யாரையும் 'உட்கார' விடவில்லை. மோதிரம் மாற்றிய நேரம் முழுவதும் வெளியே டடடட கேட்டது. எனக்காக அவ்வளவு முயற்சி செய்த மனிதர் என் கல்யாணத்தைப் பார்க்காமல் டிரைவர் சீட்டில் இருந்தார். மாலையும் கழுத்துமாக நானும் எஸ்தரும் போய்த்தான் அவருக்குப் பிரியாணித் தட்டை ஜன்னல் வழியாகக் கொடுத்தோம்.

அந்த வேன் காயலான் கடைக்குப் போய்விட்டது. கடையை இப்போது பாயின் மகள் பார்த்துக்கொள்கிறாள். அப்பாவுக்குப் புதுக் கார் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாக அணைந்துவிடும் கார். முதல் சவாரியில் நானும் எஸ்தரும் இருந்தோம். தாம்பரம் சிக்னலில் கார் தானாக அடங்கியது. அடுத்த நொடி பாய் கதவைத் திறந்து பின்னால் ஓடிவிட்டார். "இறங்குங்க, இறங்குங்க, தள்ளணும்!" பின்னால் ஹாரன்கள் காதைக் கிழித்தன. "இன்னா பாய், புது வண்டியே பூட்ச்சா?" என்று ஒரு ஆட்டோக்காரர் பாதி இறங்கித் தானும் கை கொடுக்க வந்துவிட்டார். அன்றைக்கே அந்த வசதியை நிறுத்திவைக்கும் பட்டனைப் பாய் கண்டுபிடித்துவிட்டார். பிறகு பழைய சட்டம்தான். துணிக்கடை, ஆஸ்பத்திரி, கல்யாணம், எங்கே போனாலும் மகள் காரில் உட்கார்ந்திருக்கிறாள், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது.

நாங்கள் இப்போது சேலையூரில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாய் வருவார். கீழே கார் வரும் சத்தம் கேட்கும். பிறகு அந்தச் சத்தம் நின்றுவிடும். நின்ற உடனே எஸ்தர் அடுப்பில் டீக்குப் பால் வைப்பாள். இத்தனை நாளும் அதை நாங்கள் யோசித்துப் பார்த்ததில்லை. போன வாரம் அவளே கேட்டாள். "ஏன் பாய், ஊர் பூரா ஓட விட்டுட்டே சுத்துறீங்க. இங்க மட்டும் ஏன் ஆஃப் பண்ணிடுறீங்க?"

பாய் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கேள்வியே அவருக்குப் புரியவில்லை.

"இன்னாம்மா கேள்வி இது? வூட்டாண்ட வந்தா ஆஃப் பண்ண மாட்டாங்களா?"

எஸ்தர், டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருக்கும் சர்க்கரையை ஒரு ஸ்பூன் அவர் டீயில் போட்டாள். நான் ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்த்தேன். வாசலில் பாயின் கார் சத்தமில்லாமல் நின்றுகொண்டிருந்தது.