டி லைசென்ஸும் ஒரு நாள் விரதமும்

கரையான்சாவடி கலியமூர்த்தி ஃபுட்பால் கோச் ஆனது ரிட்டயரான பிறகு. ஆவடி ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்தவர், மற்றவர்களைப் போல வாக்கிங் போனோமா, பிபி மாத்திரை போட்டோமா என்று இருந்திருக்கலாம். இருந்தாரா? எங்கேயோ ஒரு கோச்சிங் கோர்ஸுக்குப் போய் ‘டி லைசென்ஸ்’ வாங்கிவந்துவிட்டார். அதற்கு ஃபிரேம் போட்டு, ஹாலில் கல்யாண போட்டோ தொங்கிய ஆணியிலேயே மாட்டினார். கல்யாண போட்டோ பீரோவுக்குப் பின்னால் போனது.

“ஏங்க, ஏ, பி, சி மூணும் பாஸ் பண்ணினாத்தான் இந்த டி தருவாங்களா?” என்று கேட்டாள் மனைவி லோகநாயகி.

உண்மையில் டிதான் கீழ்ப்படி, ஏதான் உச்சி. கலியமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டு காபி கேட்டார்.

ஊர் கிளப்பின் பெண்கள் டீமை அவரிடம் ஒப்படைத்தார்கள். நல்ல பெண்கள். மான் மாதிரி ஓடுவார்கள். ஆனால் மேட்ச் என்றால் கோட்டுக்கு வெளியே நின்று கலியமூர்த்தி வாயைத் திறப்பார். கோர்ஸில் கற்றுக்கொண்டது அத்தனையும் கொட்டும்.

“லாவண்யா, ஸ்கேன் பண்ணு. அங்க இல்ல, இங்க. ஷேப், ஷேப். பிரெஸ் பண்ணும்மா, பின்னாடி வா, ஏன் பின்னாடி போற?”

கேப்டன் லாவண்யா மரியாதை தெரிந்த பெண். பெரியவர் பேசும்போது திரும்பிப் பார்த்து, “என்ன சார்?” என்பாள். அதற்குள் பந்து அவளைத் தாண்டிப் போய் கோலுக்குள் உட்கார்ந்துகொள்ளும். இப்படியே மேட்ச் மேட்சாகத் தோற்றார்கள்.

தோற்ற கோபத்தை எங்கே காட்டுவது? வீட்டில்தான். ஒரு நாள் லோகநாயகி அடுக்களைக்குள் நுழைந்தால், ஃபிரிட்ஜுக்கும் அடுப்புக்கும் நடுவில், கிரவுண்டில் பிராக்டிஸுக்கு வைக்கிற ஆரஞ்சு கலர் பிளாஸ்டிக் கூம்புகள்.

“இதென்னங்க?”

“உன் மூவ்மென்ட் சரியில்ல லோகு. தோசையைத் திருப்பிட்டு சும்மா நிக்கிற. அந்த கேப்ல சட்னி தாளிச்சிருக்கணும்.”

“முப்பது வருஷமா நான் செஞ்ச தோசையைத் தின்னுட்டுத்தானே ஃபேக்டரிக்குப் போனீங்க?”

“அப்ப என்கிட்ட லைசென்ஸ் இல்லியே.”

லோகநாயகி கூம்புகளைப் பொறுக்கி, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, மொட்டைமாடியில் போட்டுவிட்டு வந்தாள்.

அந்த வாரமே கிளப் செக்ரட்டரி ஜம்புலிங்கம் வந்தார். உள்ளூர்க்காரர், மனதில் ஒன்று வைத்து வெளியில் ஒன்று பேசத் தெரியாதவர்.

“அண்ணாத்தே, தப்பா நெனைக்காத. ஞாயித்துக்கெயமை முகப்பேரு ஸ்கூல் டீமோட மேட்சு கீது. அதுலயும் தோத்தா, வேற ஆளைப் பாக்கலாம்னு கமிட்டில பேசிக்கினு கீறாங்க.”

“நான் லைசென்ஸ் வெச்சிருக்கேன் ஜம்புலிங்கம்.”

“என் மச்சான்கூட லைசென்ஸ் வெச்சிகினு கீறான். இந்த மாசத்துல மட்டும் ரெண்டு தபா பூந்தமல்லி ரோட்டுல சென்டர் மீடியன் மேல வண்டிய ஏத்திட்டான்.”

ஜம்புலிங்கம் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். கலியமூர்த்தி அப்படியே சோபாவில் சாய்ந்துவிட்டார். அவரைவிட அதிகமாகப் பயந்தவள் லோகநாயகிதான். கோச் வேலை போனால் மனிதர் எங்கே போவார்? சாயங்காலம் முழுக்க வீட்டில்தான். கையில் விசிலோடு, அடுக்களை வாசலில். எப்படியாவது இந்த மனுஷன் ஜெயித்தே ஆகவேண்டும்.

“அம்மனுக்கு ஏதாவது வேண்டிக்கலாங்க” என்றாள்.

“மொட்டை போடறேன்னு வேண்டிக்கட்டுமா?”

லோகநாயகி அவர் தலையைப் பார்த்தாள். “வேணாம். அம்மனை ஏமாத்தக் கூடாது. நமக்குப் பிடிச்சதை விடணும். காபியை விட்டுடுங்க. ஒரு வருஷத்துக்கு.”

கலியமூர்த்தி எழுந்தே உட்கார்ந்துவிட்டார். “காபியையா? என்ன விளையாடறியா? வேற சொல்லு.”

“வேறன்னா... ஒரு நாள் மௌன விரதம் இருக்கலாம். ஆனா அதெல்லாம் சும்மா, ரொம்ப சுலபம். அம்மன் ஒத்துப்பாளான்னு தெரியல. காபியே இருக்கட்டும்.”

“ஏன் ஒத்துக்க மாட்டா? மௌன விரதம்தான். முடிவு பண்ணியாச்சு. ஞாயித்துக்கிழமை விடிஞ்சதுலேர்ந்து சாயந்திரம் விளக்கேத்தற வரைக்கும்.” காபியைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷத்தில் அவர் சனிக்கிழமை இரண்டு டம்ளர் கூடுதலாகவே குடித்தார்.

ஞாயிறு காலை கிரவுண்டுக்குக் கிளம்பும்போதுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. விசிலை எடுத்துக் காட்டி, இதையாவது ஊதலாமா என்று ஜாடையில் கேட்டார். “அதை எதால ஊதுவீங்க? வாயாலதானே?” என்று லோகநாயகி வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். “இப்படி கைஜாடை காட்டறதும் பேசற கணக்குதான். அம்மனுக்குத் தெரியும்.”

மைதானத்தில் பிளாஸ்டிக் சேர் போட்டு அவரை உட்காரவைத்து, பக்கத்தில் அவளும் உட்கார்ந்தாள். எதிர்ப்பக்கம் முகப்பேர் கோச். அவர் பி லைசென்ஸ் வாங்கியவர் என்று பேச்சு. மேட்ச் ஆரம்பித்ததும் அவர் வாயைத் திறந்தார், மூடவேயில்லை. ஸ்கேன் பண்ணு, பிரெஸ் பண்ணு, ஷேப், ஷேப்.

முதல் கோலை முகப்பேர்தான் போட்டது. கலியமூர்த்தி துள்ளி எழுந்து வாயைத் திறந்தார். லோகநாயகி அவரை ஒரு பார்வை பார்த்தாள். உட்கார்ந்துவிட்டார். லாவண்யா வழக்கம்போல, என்ன திட்டு விழப்போகிறதோ என்று திரும்பிப் பார்த்தாள். பாவம், அவரால் பேச முடியாது, கையையும் ஆட்ட முடியாது. வேறு வழியில்லாமல் சிரித்தார்.

கோட்டோரத்தில் சார் சிரித்து அந்தப் பெண் பார்த்ததே இல்லை. ஒரு கணம் நின்றாள். பிறகு அவளும் சிரித்துவிட்டு ஓடினாள். அதற்கப்புறம் அவள் சேர் பக்கம் திரும்பவேயில்லை. பந்தைப் பார்த்தாள், கூட இருக்கிற பெண்களைப் பார்த்தாள். அவர்களே ஒருத்திக்கொருத்தி குரல் கொடுத்துக்கொண்டார்கள். முகப்பேர்ப் பெண்களோ தங்கள் கோச்சைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, “என்ன சார், என்ன சார்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கலியமூர்த்திக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பார்க்கக் காது சுட்டது. நானும் இப்படித்தானா கத்தினேன்?

இரண்டுக்கு ஒன்று. லாவண்யாதான் இரண்டையும் போட்டாள். கிரவுண்டே அதிர்ந்தது.

ஜம்புலிங்கம் மைக்கைக் கொண்டுவந்து நீட்டினார். “ரெண்டு வார்த்தை பேசு அண்ணாத்தே.” லோகநாயகி குறுக்கே கையை வைத்து, அவர் விரதம் என்றாள். மைக் லாவண்யாவிடம் போனது.

“எங்க ஊட்டுல என்னை வெளாட அனுப்பவே மாட்டேன்னாங்க” என்றாள் அவள். “சார்தான் வந்து வந்து எங்கப்பா கைய புடிச்சிக் கேட்டாரு. தெனம் காலைல வாசல்ல வந்து நிப்பாரு. என்னோட பூட்ஸ்கூட சார் வாங்கிக் குடுத்ததுதான். சார் இல்லாங்காட்டி இங்க ஒருத்தியும் இல்ல.” மற்ற பெண்கள் கை தட்டினார்கள்.

கலியமூர்த்தியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. இதையெல்லாம் எந்தக் கோர்ஸிலும் சொல்லித் தரவில்லை, எந்த லைசென்ஸிலும் எழுதவில்லை. தான் செய்ததிலேயே உருப்படியானது இதுதான் என்று அவருக்கு இதுவரை தோன்றியதும் இல்லை.

ஜம்புலிங்கம் மைக்கைத் திரும்ப வாங்கினார். “இத்தினி நாளு லைசென்ஸுன்னா இன்னான்னு எனக்குப் புரியல. இன்னிக்கிப் புரிஞ்சிபோச்சி. வாயே தொறக்காம ஜெயிக்க வெச்சாரு பாரு, அதான் படிச்ச கோச்சு. இனிமே நம்ம டீமுக்கு அண்ணாத்தேதான்.”

சாயங்காலம் லோகநாயகி விளக்கேற்றி முடித்ததும், அவர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். பீரோவுக்குப் பின்னால் கிடந்த கல்யாண போட்டோவைத் துடைத்துக் கையில் வைத்திருந்தார்.

“லோகு, காபியை விடச் சொன்னது சும்மாதானே? என் வாயை அடைக்கத்தானே இவ்வளவும்?”

“இப்பத்தான் தெரியுதா?”

“நல்ல வேளை அடைச்ச. அந்தப் பொண்ணுங்க என்னமா ஆடுதுங்க. நீ மட்டும் இல்லன்னா நான் சாகற வரைக்கும் கத்திக்கிட்டே இருந்திருப்பேன். ரொம்ப நன்றிம்மா.” லோகநாயகிக்கும் என்னவோ போலிருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவருக்குக் காபி போட அடுப்படிக்குப் போனாள்.

அவரும் பின்னாலேயே போனார். நெகிழ்ச்சி அடங்கவில்லை, பதிலுக்கு ஏதாவது செய்யவேண்டும் போலிருந்தது. “பாலைப் பொங்க விடாதே லோகு. சிம்ல வெச்சிட்டு, அந்த கேப்ல டிகாஷனை...”

லோகநாயகி திரும்பாமலே சொன்னாள். “ஒரு நாள் விரதம் நீங்க வேண்டிக்கிட்டதுங்க. டீம் ஜெயிச்சா ஆயுசுக்கும் அடுப்படியில நீங்க வாயே திறக்க மாட்டீங்கன்னு நான் தனியா வேண்டிக்கிட்டேன்.”