கருப்பணார் கிடாயும் என் பட்டாளத்துக் கூடாரமும்

பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தவன் வீரனாவதற்கு ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மீதியை ஊரார் பார்த்துக்கொள்வார்கள்.

யுத்த காலத்தில் நான் பட்டாளத்தில் இருந்தது உண்மைதான். ஆனால் இருந்த இடம் ஒரு சாமான் கிடங்கு. கூடார மூட்டைகளுக்குச் சீட்டுக் கட்டி அடுக்குவது என் வேலை. எதிரி என்று நான் அங்கே கண்டது கரையானை மட்டுமே. யுத்தம் முடிந்து, வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் காக்கி நிஜாரோடு வந்து இறங்கியபோது, “எத்தன பேரச் சுட்டீங்க?” என்று கேட்டார்கள். “அதையெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுங்க” என்றேன். (பொய் இல்லை. சொன்னால் எனக்குத்தானே கேவலம்!)

நான் உயிரோடு திரும்பினால் கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் குலசாமி கருப்பணாருக்குக் கிடாய் வெட்டுவதாக அம்மா வேண்டியிருந்தாள். அந்தக் கிடாயின் கழுத்தில் என் கல்யாணமும் சேர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. என் தாய்மாமன் நல்லப்பனுக்கு ஒரே மகள், பாவாயி. எனக்கு முறைப்பெண். சின்ன வயதிலேயே எனக்கென்று பேசி வைத்த பெண். நான் பட்டாளத்துக்குப் போனதும் மாமா அந்தப் பேச்சை ஆறப் போட்டுவிட்டார். இதற்கிடையில் ஜேடர்பாளையம் பக்கத்தில் ஆற்றுப் பாசனம் உள்ள குடும்பம் ஒன்று பாவாயியைக் கேட்டு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தது. நாங்களோ மழையை நம்பிச் சோளம் விதைக்கிறவர்கள். நான் ஊர் திரும்பியதும் மாமா எங்கள் வீட்டுக்கே வந்து ஒரே முடிவாகச் சொன்னார்.

“மொதல்ல கருப்பணார் வேண்டுதலத் தீருங்க. கிடாய் துளுக்குச்சுன்னா மறு நாளே வெத்தல பாக்கு மாத்திக்கலாம். துளுக்கலீன்னா என்ர புள்ளையக் குடுக்க மாட்டேன். சாமிக்கே ஆகாதவனுக்கு நான் எப்புடிக் குடுக்கறது?”

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் சாமிக்கு விட்ட கிடாயை எடுத்தவுடன் வெட்டிவிட மாட்டார்கள். மாலை போட்டு நிறுத்தி, அதன் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். அதைத்தான் துளுக்குவது என்போம். துளுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். துளுக்காவிட்டால் ஏதோ குற்றம் இருக்கிறது, சாமி கோபமாக இருக்கிறது என்று அர்த்தம். ஆக, என் வாழ்க்கை முழுவதும் ஓர் ஆட்டுக் கிடாயின் முதுகுத் தோலில் வந்து நின்றது.

இதை அப்படியே விட்டிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் பாவாயியும் வருகிறாள் என்று தெரிந்ததும் எனக்குள் இருந்த வீரன் விழித்துக்கொண்டான். சேலத்தில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் போய் ஒரு கூடாரத்தை வாங்கி வந்தேன். கூடாரத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, மூட்டையாக இருக்கும் வரையில். பிரித்து நிறுத்தியதை நான் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன்.

சித்திரை மாதம். வெயில் மண்டையைப் பிளக்கும். திடீரென்று ஒரு சாயந்திரம் சூறைக்காற்று வந்து கூரையைப் பிரித்துக்கொண்டு போகும். எந்த ஊரில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு வண்டி கட்டிக்கொண்டு கிளம்பி, மத்தியானத்துக்கு மேல் மலையடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மலைக்கு ஏறும் நடைபாதையின் ஓரத்தில் ஒரு புளியந்தோப்பு. கருப்பணார் கோயிலுக்குப் போகிறவர்கள் அங்கே தங்கிச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, விடிந்ததும் ஏறுவது வழக்கம். தங்குவதற்கு ஒரு கல்மண்டபமும் இருந்தது.

“மண்டபம் இருக்கீல கூடாரம் என்னத்துக்கு சாமி?” என்றாள் அம்மா.

“பாம்பு பூச்சி இருக்கும்மா. பட்டாளத்துல இப்படி இடத்துல தங்கவே உட மாட்டாங்க” என்றேன், பாவாயியின் காதில் விழுகிற மாதிரி.

பிறகு கூடாரம் அடிக்க ஆரம்பித்தேன். எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று தெரியவில்லை. முதலில் நிறுத்தியபோது வாசல் வானத்தைப் பார்த்திருந்தது. முளைகள் மணலில் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கின. என் கையின் பலம் என்று சந்தோஷப்பட்டேன். கடைசியில் எல்லாம் முடிந்து நிமிர்ந்தால், ஒரு கம்பும் ஏழெட்டுக் கயிறுகளும் மிச்சம்.

“இதெல்லாம் எதுக்கு மாப்ள?” என்றார் மாமா.

“அது சண்ட சமயத்துல மட்டுந்தான் மாமா.”

மாமா மரியாதையோடு தலையாட்டினார். அத்தைக்குப் பின்னால் நின்றிருந்த பாவாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வியப்பில் என்று நினைத்தேன். (எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்திருக்கிறேன்!)

சாயந்திரம் மலை உச்சியில் மேகம் கறுத்தது. நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்து, “இது நாமக்கல் பக்கம் போற மழ. இங்க ஒரு சொட்டு உழுகாது” என்று அறிவித்தேன். உலை கொதிப்பதற்குள் காற்று வந்துவிட்டது. முதலில் புழுதி. அடுப்பு அணைந்தது, சட்டி உருண்டது. பிறகு புளியங்கொட்டை பருமனில் ஆலங்கட்டி. அம்மா, அத்தை, மாமா, வண்டிக்காரர்கள் எல்லாரும் அலறிக்கொண்டு மண்டபத்துக்குள் ஓடினார்கள். நான் கூடாரத்துக்குள் ஓடினேன்.

“மாப்ள, இங்க வந்துரு!” என்று மாமா கத்தியது கேட்டது. “ஒண்ணும் பயமில்லீங்க மாமா!” என்று பதிலுக்குக் கத்தினேன். உண்மை என்னவென்றால், நடுக்கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கையை விட்டால் கூடாரம் விழுந்துவிடும். விழுந்தால் மானம் போய்விடும். உள்ளே கும்மிருட்டு. கான்வாசு துணி பறை அடிப்பது போல அடித்துக்கொண்டது.

அப்போது யாரோ வாசல் துணியை விலக்கிக்கொண்டு உள்ளே விழுந்தார்கள். பாவாயி. கையில் கிடாயின் கயிறு.

“கிடாய எல்லாரும் மறந்துபோட்டாங்க. இது செத்துப் போச்சுன்னா நம்ம கதி என்னாகறது?” என்றாள் மூச்சு வாங்க.

வெளியே இடி இடித்தது. எனக்கு அந்த ‘நம்ம’ மட்டும்தான் கேட்டது. மூன்று வருஷம் கழித்து அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. கயிற்றை வாங்கி, கிடாயை நடுக்கம்பத்திலேயே கட்டினேன். அதுவும் கிடங்கில் மூட்டைக்குப் போடும் முடிச்சு. அன்றைக்கு நான் செய்த வேலைகளில் கடைசி வரை உறுதியாக நின்றது அந்த முடிச்சு ஒன்றுதான்.

கட்டி முடித்ததும் முகத்தில் பளீரென்று தண்ணீர் தெறித்தது. “கிடாய் துளுக்குது!” என்று கத்தினேன். மறுபடியும் தெறித்தது. பாவாயி சிரித்தாள். இருட்டில் அவள் முகம் தெரியவில்லை, சிரிப்பு மட்டும் தெரிந்தது. சாமியே மேலிருந்து தண்ணீர் ஊற்றி உத்தரவு கொடுத்துவிட்டது என்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

அடுத்த இடி தோப்பிலேயே எங்கோ இறங்கியது. கிடாய் பாய்ந்தது. முடிச்சு அவிழவில்லை, கம்பம்தான் பிடுங்கிக்கொண்டு வந்தது. கூடாரம் மொத்தமாக எங்கள் தலைமேல் உட்கார்ந்தது. நனைந்த கான்வாசு என்ன கனம் கனக்கும் என்பதைக் கிடங்கில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. குப்புறக் கிடந்தபடி, “பாவாயி!” என்றேன். “இங்கதான் இருக்கறனுங்க” என்று குரல் வந்தது. பிறகு துணி ஓரத்தில் ஊர்ந்து போகும் சத்தம். “நான் வந்ததச் சொல்லிப்போடாதீங்க” என்று சொல்லிவிட்டு வெளியேறி மண்டபத்துக்கு ஓடிவிட்டாள். அங்கே இருந்த கலவரத்தில் அவள் போனதையும் யாரும் கவனிக்கவில்லை, வந்ததையும் கவனிக்கவில்லை.

மழை ஓய்ந்ததும் மாமாவும் வண்டிக்காரர்களும் வந்து துணியைத் தூக்கினார்கள். கிடாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, “கருப்பணா, கருப்பணா” என்று நான் முனகிக்கொண்டிருந்தேனாம்.

“மாப்ள, சப்பான்காரனயும் இப்புடித்தான் கட்டிப் புடிச்சயா?” என்றார் மாமா.

மண்டபத்தில்தான் அன்று தூங்கினோம். ஒரு பாம்பும் வரவில்லை.

விடிந்ததும் மலைப்பாதையில் ஏறிக் கோயிலுக்குப் போனோம். பூசாரி கிடாய்க்கு மாலை போட்டார். ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை முதுகில் ஊற்றினார். கிடாய் பேசாமல் நின்றது. இன்னொரு சொம்பு. கிடாய் தன் முன்னங்காலை நக்கிக்கொண்டது. முதல் நாள் ஆலங்கட்டி மழையையே வாங்கிய கிடாய்க்கு ஒரு சொம்புத் தண்ணீர் எம்மாத்திரம்? தண்ணீர் என்பதையே அது மன்னித்துவிட்டது போல நின்றது. அம்மா, “கருப்பணா, என்ன குத்தம் பண்ணுனோம்னு சொல்லு சாமி” என்று அழ ஆரம்பித்தாள். பூசாரி குடத்தைத் தூக்கி அப்படியே கவிழ்த்தார். கிடாய் கண்ணைச் சிமிட்டியது.

மாமா ஒரு பாறை மேல் உட்கார்ந்துவிட்டார். முகம் செத்துப் போயிருந்தது. “ஜேடர்பாளையத்துக்காரங்களுக்கு ஆள் உட்ரலாமா?” என்று அத்தையிடம் மெதுவாகக் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் எனக்குக் காதுக்குள் வந்து சொன்னது போல இருந்தது.

“நேத்து மழையிலயே துளுக்கிருச்சுங்க!” என்றேன்.

“ஆரு பாத்தது?” என்றார் பூசாரி.

“நாந்தானுங்க.”

“கல்யாணம் உனக்கு, சாட்சியும் நீயா? அது செல்லாது சாமி. வேற ஆராச்சும் பாத்தாங்களா?”

பாவாயி அத்தைக்குப் பின்னால் நின்றிருந்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் ஒரு மரத்தைப் பார்த்தேன். கல்யாணமாகாத பெண் இருட்டில் என்னோடு கூடாரத்துக்குள் இருந்தாள் என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? சொல்லாதே என்று கேட்டுக்கொண்டவளைக் காட்டிக்கொடுத்துவிட்டு அவளையே கட்டிக்கொள்வது என்ன பிழைப்பு? “ஆரும் இல்லீங்க” என்றேன். வீரனுக்கு அழுகை வந்துவிட்டது. ஒளிக்க என்ன இருக்கிறது, உடம்பெல்லாம் குலுங்க நன்றாகவே அழுதேன்.

“துளுக்குச்சுங்க. நாம் பாத்தேன்” என்று ஒரு குரல் வந்தது.

எல்லாரும் திரும்பினார்கள். பாவாயி முன்னால் வந்து நின்றாள்.

“நீ எங்கடி பாத்த? மண்டபத்துல என்ர பின்னால தான நின்னுட்டிருந்த?” என்றாள் அத்தை.

“இல்லம்மா. கூடாரத்துக்குள்ள இருந்தேன். கிடாயப் புடிச்சுக்கிட்டுப் போனதே நாந்தான். மூணு வாட்டி துளுக்குச்சு. என்ர மூஞ்சியெல்லாம் தண்ணி.”

மாமா எழுந்து நின்றார். நான் மலை உச்சிக்குப் போகும் பாதை எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டேன். மாமா என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். கடைசியில் பூசாரியிடம் திரும்பி, “ஏனுங்க, மழத் தண்ணி செல்லுமுங்களா?” என்று கேட்டார்.

பூசாரி காலிக் குடத்தைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். “நான் ஊத்துனது ஒரு கொடம். நேத்து கருப்பணாரு ஊத்துனதுல ஏரியே நெம்பிக் கெடக்குது. எங்கொடம் செல்லும், அவரு மழ செல்லாதுன்னு நான் சொல்ல முடியுங்களா?” என்றார்.

அம்மா அங்கேயே தரையில் விழுந்து கும்பிட்டாள். மாமா விட்ட பெருமூச்சில் அவர் தோள் இரண்டும் இறங்கின. நான் பக்கத்தில் நட்டிருந்த சாமியின் வேலைப் பிடித்துக்கொண்டேன். அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன்னும் நான் அறிந்ததில்லை, பின்னும் அறிந்ததில்லை. யுத்தம் முடிந்ததாக அறிவித்த அன்றுகூட எனக்கு அவ்வளவு நிம்மதி வந்ததில்லை.

“மாப்ள, இனி நீ வேண்டாம்னு சொன்னாலும் நான் உட மாட்டேன்” என்றார் மாமா. அவர் வீட்டில் பாவாயி, ஜேடர்பாளையம் பேச்சை எடுத்தாலே சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள் என்பதும், மாமாவே கிடாய் துளுக்க வேண்டுமே என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் வந்தார் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கிடாயின் கதி என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். மத்தியானம் நான் மூன்று தரம் சோறு வாங்கினேன். அடுத்த நாள் வெற்றிலை பாக்கு மாற்றினோம். வைகாசியில் கல்யாணம்.

இதெல்லாம் நடந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணாவது, மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று கேட்கும்போது பதில் சொல்லாமல் நின்றால், “தலையில ஒரு சொம்புத் தண்ணி ஊத்திப் பாருங்க” என்று கத்துவது வழக்கமாகிவிட்டது. போன வருஷம் எங்கள் சின்ன மகளுக்கு நிச்சயமானபோதும் அப்படிக் கத்திச் சிரித்தார்கள். அவள் வந்து தன் அம்மாவிடம், “நெசமாவே மூணு வாட்டி துளுக்குச்சாம்மா?” என்று கேட்டாள்.

பாவாயி வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். “கும்மிருட்டுல நான் என்னத்தக் கண்டேன்? உங்கப்பன் வாங்கிட்டு வந்த கூடாரத்துல மேல ஒரே ஓட்ட. காத்தடிக்கறப்பல்லாம் தண்ணி மூஞ்சியில தெறிச்சுது” என்றாள்.

இதைக் கேட்க மாமாவும் பூசாரியும் உயிரோடு இல்லையே என்று எனக்கு இருந்தது. “அப்ப அன்னைக்குத் துளுக்கவே இல்லயாம்மா?” என்றாள் மகள்.

“துளுக்காம என்ன? கோயில்ல பூசாரி முன்னால நின்னுக்கிட்டு உங்கப்பன் துளுக்குனாரு பாரு, தலையில இருந்து கால் வரைக்கும்! கிடாய் துளுக்குனா என்ன, இவரு துளுக்குனா என்னன்னு ஒத்துக்கிட்டேன்” என்றாள்.