வென்டிலேட்டர் அண்ணாத்தயின் புயல் டெஸ்ட்

திருவிடந்தை முதல் மாமல்லபுரம் வரை வீட்டுச் சுவர்களில் உள்ள அத்தனை ஓட்டைகளையும் சந்தேகப்பட்ட ஒரே மனிதர் எங்கள் வென்டிலேட்டர் அண்ணாத்ததான். எங்கள் அடுக்குமாடியின் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தார். மறைமலைநகரில் வேலை. கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குள் போக மாட்டார். அடுத்தவர் வீட்டு பாத்ரூம் வென்டிலேட்டர்களை அண்ணாந்து முறைப்பார். இப்படி நிற்கிறவரை ஊர் சும்மா விடுமா? சில பெண்கள் குளிக்கும் நேரத்தையே மாற்றிக்கொண்டார்கள்.

"இன்னா அண்ணாத்த, அங்க இன்னா பாக்குற?" என்று கேட்டேவிட்டேன்.

"சாதா மழன்னா தண்ணி மேலேர்ந்து கீழ வரும். புயல்ல கீழேர்ந்து மேல ஏறும் நைனா. அந்த சாஞ்ச கண்ணாடிய நம்பிக்கினு கீறியே, உன்ன சொல்லணும்!"

நிரூபிக்காமல் விடுவாரா? ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்து ராட்சச ஃபேனையும் கார் கழுவும் குழாயையும் கொண்டுவந்து, முதல் மாடியில் இருந்த அசோசியேஷன் செக்ரட்டரியின் பாத்ரூம் வென்டிலேட்டரைக் குறிபார்த்து அடித்தார். உள்ளே செக்ரட்டரி சோப்பு நுரையோடு நின்றிருந்தார். துண்டைக் கட்டிக்கொண்டு ஓடிவந்தவரிடம் அண்ணாத்த குதூகலமாகக் கத்தினார்: "ஃபெயிலு சார்! உன் வென்டிலேட்டரு ஃபெயிலு!"

அன்று மாலையே மீட்டிங். "இவனுக்கும் ஹார்டுவேர் கடைக்காரனுக்கும் ஏதோ டீலிங் கீது. நம்மள பயமுறுத்தி யாவாரம் புடிக்கிறான்" என்றார் செக்ரட்டரி. வீட்டைக் காலி செய்யச் சொல்வதென்று முடிவானது. அண்ணாத்த வேறு வீடு தேடுவதற்குள் புயல் வந்துவிட்டது.

பட்டப்பகலிலேயே இருட்டிக்கொண்டது. இரண்டாவது மாடியில் எங்கள் படுக்கையறை வென்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைகள் கிடுகிடுவென ஆடின. தண்ணீர் நிஜமாகவே மேலேறி உள்ளே பாய்ந்தது. பக்கத்திலேயே கட்டிலில் எங்கள் கைக்குழந்தை. அப்போது கதவு தட்டும் சத்தம். ப்ளைவுட்டும் ஸ்க்ரூவுமாக அண்ணாத்த!

"கொயந்தைய ஹாலுக்குத் தூக்கினு போ!"

பலகையை முடுக்கி முடித்த அடுத்த நிமிஷம், கண்ணாடி உடைந்து பலகையில் தெறித்தது. அதே கையோடு செக்ரட்டரி வீட்டுக்கு ஓடினார். செக்ரட்டரி கதவுத் துளை வழியாகப் பார்த்து, "இன்னாத்துக்கு வந்துகிறான்?" என்று யோசித்து, வென்டிலேட்டர் வழியாக வந்த தண்ணீர் தன் காலை நனைத்த பிறகுதான் திறந்தார்.

காற்று அடங்கியதும் எல்லோரும் கீழே போனோம். அண்ணாத்த வீட்டில் முழங்கால் தண்ணீர். சமையலறை வென்டிலேட்டர் பெயர்ந்து தொங்கியது. மெத்தை மிதந்தது.

"இத டெஸ்ட் பண்ணலியா அண்ணாத்த?" என்றேன்.

"நானே மாட்டுனதுபா. அதப் போயி சந்தேகப்படுவாங்களா?" என்றார், மனம் நொந்து.

செக்ரட்டரி தொண்டையைச் செருமினார். "நீ வூட்ட காலி பண்ண வாணாம்யா. இங்கியே இரு."

அண்ணாத்த அவரை ஏற இறங்கப் பார்த்தார். "திடீர்னு இன்னா பாசம்? இதுல இன்னா உள்குத்து கீது?"

எத்தனை சொல்லியும் அவர் நம்பவில்லை. வேறு வழியில்லாமல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு பக்கெட்டோடு அவர் வீட்டில் தண்ணீர் இறைக்க இறங்கினோம். இந்த மனுஷன் இங்கிருந்து போய்விடக் கூடாதே என்று, நான் மட்டும் இரண்டு கையிலும் பக்கெட் வைத்திருந்தேன்.