நாலு திசு, நாலு கூறு

பெருமதிப்பிற்குரிய சென்றாயன் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகன் இளம்பரிதி ஏரியூரிலிருந்து தலை குனிந்து எழுதுவது. இங்கு நலம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கு நலமா என்று கேட்க முகமில்லை. போனை நீங்கள் எடுப்பதில்லை. அதனால்தான் சித்தேரிக்குக் கடிதம்.

போன ஞாயிறு நம் நாலு வீடும் சேர்ந்து ஆடு வெட்டினோமே, அதில் நடந்த கோளாறு முழுக்க என் கைவேலை. கறி வெட்டிவிட்டுக் குளிக்கப் போகும்போது, "நாலு கூறு போடுடா, எல்லாக் கூறுலயும் எல்லாமும் இருக்கணும்" என்றுதான் சொன்னீர்கள். மறுநாள் எனக்கு அறிவியல் தேர்வு. மனித உடம்பில் அடிப்படைத் திசு நாலு. நம் வீடும் நாலு. கை சும்மா இருக்குமா? ஈரல், குடல் எல்லாம் எபிதீலியத் திசு என்று முதல் இலை. எலும்பு, கொழுப்பு, சட்டி ரத்தம் எல்லாம் இணைப்புத் திசு என்று இரண்டாவது. வெறும் கறி தசைத் திசு, மூன்றாவது. மூளையும் தண்டுவடமும் நரம்புத் திசு, நாலாவது. ஈ மொய்க்கும் என்று மேலே இலை போட்டு மூடியும் வைத்தேன். திறந்ததும் எல்லாரும் சிரிப்பார்கள், பிறகு கலந்துவிடலாம் என்று கணக்கு.

எந்தக் கூறு யாருக்கு என்று பார்க்காமல் சொல்வதற்காக, நீங்கள் வழக்கம்போல் முதுகு காட்டி நின்றீர்கள். நான் இலையைத் தொட்டு "இது யாருக்கு?" என்றேன். மாது அண்ணனுக்கு எபிதீலியம். முருகேஷ் அண்ணனுக்கு இணைப்பு. மூன்றாவதைத் தொட்டபோது, "நம்ம வூட்டுக்கு" என்றீர்கள். குள்ளம்மாள் பெரியம்மாவுக்கு நரம்பு.

மூடியிருந்த இலைகளைத் திறந்ததும், "மூளைய வெச்சு ஏழு பேருக்கு என்னத்தடா கொழம்பு வெக்கறது?" என்றார் பெரியம்மா. முருகேஷ் அண்ணனோ, "புது மாப்ள வந்திருக்காருங்க. அவருக்குக் கொழுப்பையா குடுக்கறது? அது அவருக்கே நெறைய இருக்குது!" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "இருவது வருசமா நம்புன கை. கறி பூரா உங்க வூட்டுக்குன்னு மாமனும் மருமவனும் பேசி வெச்சீங்களா?" என்றும் கேட்டுவிட்டார்.

நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். நாக்கும் தசைத் திசுதான் மாமா. அன்று அது அசையவில்லை. நம் கறியை எல்லார் இலையிலும் பங்கிட்டுவிட்டு, "இனிமே கூறு போட என்னைக் கூப்புடாதீங்க" என்று கத்தியைக் கழுவிப் பரண் மேல் வைத்தீர்கள். மறுநாள் காலை பஸ் ஏறிவிட்டீர்கள்.

தேர்விலும் மண். இரைப்பையில் என்ன திசு என்று கேட்டிருந்தது. எபிதீலியம் என்று மட்டும் எழுதினேன். "ஒரே உறுப்புல நாலும் சேர்ந்து இருக்கும்டா, தனியாப் பிரிச்சா அது எதுக்கு ஆகும்?" என்றார் தெரசா டீச்சர். நீங்கள் சொன்னதும் அதுதானே.

சாயங்காலம் இந்தக் கடிதத்தை முருகேஷ் அண்ணன் வாசலில் எல்லாரும் கேட்கப் படிக்கப் போகிறேன். நீங்கள் திரும்பி வந்து கத்தியை எடுக்க வேண்டும். அங்குள்ள பெரியவர்களுக்கு வணக்கம். ஆசீர்வாதம் கேட்கத் தகுதியில்லை, மிச்சமிருந்தால் அனுப்பவும்.

இப்படிக்கு,
திட்டு வாங்கத் தயாராக,
இளம்பரிதி

பின்குறிப்பு: படித்துவிட்டேன். பாதியிலேயே குள்ளம்மாள் பெரியம்மா, "தெரியும்டா! அவனா வாயத் தொறக்கற வரைக்கும் யாரும் கேக்காதீங்கன்னு உங்க மாமன் பஸ் ஏறும்போதே சொல்லிட்டாரு" என்றார். "எட்டு நாளா மொறைச்சு மொறைச்சு எனக்குத் தாடையே வலிக்குது" என்றார் முருகேஷ் அண்ணன். நீங்கள் கோபித்துக்கொண்டு போகவில்லையாம். அடுத்த ஆடு பார்க்கப் போயிருக்கிறீர்களாம். ஆக, இதில் உங்களுக்குத் தெரியாத சேதி ஒன்றும் இல்லை. இருந்தாலும் அனுப்புகிறேன். அன்றே வாயால் சொல்லியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும்.